ஒலுவில் வரை ஓடினால் ஒரு நோயாளி மகரகம போகலாம்

2013 ஆம் ஆண்டில் இலங்கையில் இரண்டு பெரிய வேலைகள் முடிந்தன. வடக்கே தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை மக்களுக்குக் கிடைத்தது. கிழக்கே எங்கள் ஒலுவிலில், செப்டெம்பர் 1 ஆம் திகதி, அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ ஒரு துறைமுகத்தைத் திறந்து வைத்தார்.

துறைமுகம் எம்.எச்.எம். அஷ்ரப் கண்ட கனவு. 1994 இல் துறைமுகங்கள் அமைச்சரான அவர், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை ஒலுவிலுக்குக் கொண்டு வந்தார். அதற்குப் பக்கத்திலேயே ஒரு துறைமுகமும் வந்தால் கல்முனை முதல் பொத்துவில் வரைக்கும் பிழைப்பு வரும் என்று நம்பினார். 2000 செப்டெம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் மறைந்தார். கட்டுமானம் 2008 இல்தான் தொடங்கியது. டென்மார்க்கின் கடனுதவி சுமார் 4 கோடி 60 இலட்சம் யூரோ. கட்டியதும் டென்மார்க் கம்பனி. திறந்து வைத்த பிறகு நடந்தது இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நுழைவாயிலை மணல் அடைத்தது. ஆழ்கடல் படகுகள் உள்ளே வரவும் வெளியே போகவும் முடியாமல் நின்றன. வணிகக் கப்பலை நம்பிக் கட்டிய மேடையில் வணிகம் நடக்கவில்லை. அலைதடுப்புக்கு வடக்கே ஒலுவில் கரையையும் நிந்தவூர்க் கரையையும் கடல் அரித்துத் தென்னந்தோட்டங்களைத் தின்றது.

தெல்லிப்பழை வைத்தியசாலைக்கு அப்படியொரு கடன் இல்லை. அது நடந்து சேர்த்த பணத்தில் வந்தது. 2011 ஜூலையில், போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் நாட்டின் தெற்கு நுனியான தெய்வேந்திரமுனையில் இருந்து வடக்கு நுனியான பருத்தித்துறைக்கு நடந்தார்கள். ஏறத்தாழ 670 கிலோமீற்றர், 27 நாள். வழியெல்லாம் ஆட்கள் சேர்ந்தார்கள். ஒரு நாள் நடந்தவரும் உண்டு, ஒரு மணி நேரம் நடந்தவரும் உண்டு. பருத்தித்துறையில் கால் வைத்தபோது 20 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் சேர்ந்திருந்தது. அன்றைய மதிப்பில் 20 கோடி ரூபாவைத் தாண்டும். அதுவரை யாழ்ப்பாணத்துப் புற்றுநோயாளி பெரும்பாலும் கொழும்புப் பக்கம் மகரகம புற்றுநோய் வைத்தியசாலையைத்தான் பார்த்துப் போக வேண்டியிருந்தது.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைப்பதால் துறைமுகத்தை நடைபவனி நடத்திக் கட்டியிருக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. கடலுக்குள் கல்லைக் கொட்டி அலையை மறிக்கும் வேலைக்கு அரசும் பெருங்கடனும் வேண்டும். நான் சொல்ல வருவது வேறு. துறைமுகத்துக்காக ஒலுவில் மக்களிடம் யாரும் பத்து ரூபா கேட்கவில்லை. அதனால் மணல் அடைத்தபோது "எங்கள் காசு என்னவாயிற்று?" என்று உரிமையோடு கேட்கும் வாசலும் அவர்களுக்கு இருக்கவில்லை. மனு எழுதினார்கள், மறியல் செய்தார்கள், அமைச்சர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தெல்லிப்பழைக்குப் பத்து ரூபா கொடுத்தவர், அந்த வைத்தியசாலை வாசலில் நின்று உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கலாம். ஓடியும் நடந்தும் தர்மப் பணம் சேர்க்கும் வழக்கத்தின் முழுப் பலமும் இதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அந்த வழக்கம் எங்கள் கரைக்கும் வர வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

ஒரு காலை இழந்தவன் தொடங்கியது

இந்த வழக்கத்தின் வேர்களில் ஒன்றைத் தேடினால் கனடாவுக்குப் போக வேண்டும். டெரி பொக்ஸ் என்ற இளைஞனுக்கு 1977 இல், பதினெட்டு வயதில், எலும்புப் புற்றுநோய் வந்தது. வலது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். சிகிச்சைக் காலத்தில் தன்னோடு படுத்திருந்த பிள்ளைகளை அவன் மறக்கவில்லை. 1980 ஏப்ரல் 12 ஆம் திகதி, கனடாவின் கிழக்கு மூலையில் செயின்ட் ஜோன்ஸ் நகரில், செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கினான். நாளொன்றுக்கு ஒரு மரதன் அளவு, அதாவது 42 கிலோமீற்றர். 143 நாளில் 5,373 கிலோமீற்றர் ஓடினான். தண்டர் பே நகருக்கு அருகே மூச்சு முட்டியது. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 1981 ஜூன் 28 இல், இருபத்திரண்டு வயதில், இறந்து போனான்.

அவன் கேட்டது சின்னத் தொகை. கனடாவில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு டொலர் தர வேண்டும், அவ்வளவுதான். அவன் இறப்பதற்கு முன்பே, 1981 பெப்ரவரியில், தொகை 2 கோடி 40 இலட்சம் டொலரைக் கடந்தது. அப்போது கனடாவின் சனத்தொகையும் ஏறத்தாழ அவ்வளவே. அவன் பெயரில் ஆண்டுதோறும் நடக்கும் ஓட்டங்கள் இதுவரை 80 கோடி டொலருக்கு மேல் புற்றுநோய் ஆராய்ச்சிக்குத் தந்துள்ளன. டொரொண்டோவிலும் மார்க்கம் நகரிலும் படிக்கும் எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு செப்டெம்பரிலும் பாடசாலை மைதானத்தில் அவன் பெயரைச் சொல்லி ஓடுகிறார்கள்.

அவன் காட்டிய ஒழுங்கும் முக்கியம். தன் ஓட்டத்தைக் காட்டித் தங்கள் பொருளை விற்க வந்த கம்பனிகளை அவன் ஏற்கவில்லை. இன்றும் அவன் பெயரிலான ஓட்டத்தில் போட்டி இல்லை, முதலாமிடம் இல்லை. நடக்கலாம், ஓடலாம், தள்ளுநாற்காலியில் வரலாம். எங்கள் பகுதியில் கிண்ணம் இல்லாமல் ஒரு விளையாட்டு நிகழ்ச்சியை நினைத்துப் பார்ப்பது கடினம். ஆனாலும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்துக் கிரிக்கெட் வீரர் இயன் பொத்தம் இன்னொரு வழியில் இதற்கு வந்தார். 1977 இல் காயத்துக்கு மருந்து கட்டப் போன டோன்டன் வைத்தியசாலையில் இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளைக் கண்டார். பார்க்க நோயாளிகள் மாதிரியே இல்லாத அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு இன்னும் சில வாரமே இருக்கிறது என்று சொன்னார்கள். 1985 இல் ஸ்கொட்லாந்தின் வடகோடியில் இருந்து இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடி வரை 35 நாள் நடந்தார். பிறகு நடந்துகொண்டே இருந்தார். பல பத்தாண்டுகளில் ஒரு கோடி பவுணுக்கு மேல் திரட்டினார். அவர் தொடங்கிய காலத்தில் அந்த நோய் வந்த பத்துப் பிள்ளைகளில் இரண்டே பேர் பிழைத்தார்கள். இன்று ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அத்தனையும் பொத்தம் நடந்ததால் வந்ததல்ல. ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும், அந்தப் பணத்தில் ஒரு பங்கு அவர் காலில் இருந்து போனது.

அதே பொத்தம் 2013 நவம்பரில் இலங்கைக்கு வந்தார். கிளிநொச்சியில் தொடங்கி, காலிக்கு வடக்கே சுனாமி அழித்த சீனிகமவில் முடித்தார். எட்டு நாளில் 160 மைல். குஷில் குணசேகரவும் முத்தையா முரளிதரனும் தாங்கி நிற்கும் நற்பணி அறக்கட்டளைக்காக நடந்த நடை அது. சீனிகமவுக்கு ஒரு பொத்தம் வந்தார். 2004 டிசம்பர் 26 இல் இலங்கையிலேயே அதிக உயிர்களைக் கொடுத்த மாவட்டம் எங்கள் அம்பாறை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று வரிசையாகப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள். இந்தக் கரைக்காக அப்படி யாரும் நடந்து வரவில்லை என்று நான் முறைப்பாடு வைக்கவில்லை. நாங்களே நடக்கலாம் என்கிறேன்.

ஓடாமலே கொடுத்தால் என்ன?

ஊரில் முதலில் எழும் கேள்வி இதுதான். கொடுக்க நினைத்தவன் கொடுத்துவிட்டுப் போகட்டும். அதற்கு ஏன் ஒருவர் வியர்க்க வேண்டும், ஏன் ரீ சேர்ட் அடிக்க வேண்டும், ஏன் வீதியை மறிக்க வேண்டும்? நியாயமான கேள்வி. அதுவும் மார்க்கப் பற்றுள்ள ஊரில் இதற்கு இன்னொரு முனையும் உண்டு. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஊரறிய ஓடித் தர்மம் செய்வது முகஸ்துதியாகி விடாதா?

இரண்டாவதற்கு முதலில் விடை சொல்கிறேன். ஓடுபவர் கொடுப்பவரல்லர், கேட்பவர். மறைவாகக் கொடுக்க வேண்டியது நன்கொடையாளரின் கை. அவர் பெயரைத் துண்டுப் பட்டியலில் போடாமல் "ஒரு சகோதரர்" என்று எழுதிக்கொள்ளலாம். கேட்பது வெளிச்சத்தில்தான் நடக்க வேண்டும். ஜும்ஆ முடிந்ததும் பள்ளி வாசலில் துணியை விரித்து வசூலிப்பது முகஸ்துதியா? மையித்து வீட்டுக்கும், தீப்பிடித்த கடைக்கும், குமருக்கும் என்று ஊரே கூடி வசூலிக்கிறோமே, அது ஒளிவிலா நடக்கிறது? பகிரங்கமாகக் கொடுப்பதும் நல்லதே, மறைத்துக் கொடுப்பது அதிலும் நல்லது என்பதே எங்கள் மார்க்கம் காட்டும் வழி. இரண்டுக்கும் அங்கே இடம் இருக்கிறது.

முதல் கேள்விக்கு ஆய்வே விடை சொல்கிறது. கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டர் ஷஃபிர் என்ற இரு உளவியலாளர்கள் 2013 இல் வெளியிட்ட ஆய்வு இது. ஒரே நல்ல காரியத்துக்கு இரண்டு வழி வைத்தார்கள்: கூடிச் சாப்பிட்டுக் கொடுப்பது ஒன்று, ஐந்து மைல் ஓடிக் கொடுப்பது மற்றது. கஷ்டப்படும் வழியில்தான் ஆட்கள் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தார்கள். வருத்திச் செய்த காரியத்துக்கு மனிதர் கூடுதல் பொருள் காண்கிறார்கள் என்பதே அவர்கள் கண்ட முடிவு. இந்த ஆய்வைப் படிக்காமலே எங்கள் பக்கத்தில் இது தெரிந்த விஷயம். யாழ்ப்பாணம் செல்வச் சந்நிதியில் இருந்து கதிர்காமம் போகும் பாதயாத்திரை ஆண்டுதோறும் இந்தக் கரையால்தான் போகிறது. கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் கடந்து உகந்தையில் காட்டுக்குள் இறங்குகிறது. வெறுங்காலில் நடந்து வருகிறவர் எதையும் கேட்பதில்லை. ஆனாலும் வழியெல்லாம் அவருக்குச் சோறும் மோரும் தயாராக இருக்கிறது. பஸ்ஸில் போகிறவருக்கு யார் மோர் ஊற்றுகிறார்கள்?

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதுதான் எனக்குப் பெரிது. சும்மா ஒருவரிடம் போய் "ஐந்நூறு ரூபா தாங்கள்" என்று கேட்க எங்களில் பலருக்கு வாய் வராது. "வாற மாதம் இருபது கிலோமீற்றர் ஓடப் போறேன் காக்கா, கிலோமீற்றருக்கு இருபது ரூபா போடுங்கள்" என்று கேட்க வரும். கேட்பவரும் ஏதோ தருகிறார் என்பதால் கேட்பது எளிதாகிறது. பதினெட்டு வயதுப் பிள்ளை ஒன்று இருபது வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு நோயைப் பற்றி இருபது முறை விளக்கிச் சொன்னால், அந்தப் பிள்ளை பாடப் புத்தகத்தில் படிக்காததைப் படித்துவிடும்.

லண்டன் மரதன் இந்தக் கேட்கும் வேலையையே ஓர் ஏற்பாடாக்கியது. 1981 மார்ச் 29 இல் தொடங்கிய அந்த ஓட்டத்துக்கு இடம் கிடைப்பது அரிது. தொண்டு நிறுவனங்களுக்கு என்று ஒரு தொகை இடங்களை ஒதுக்கி விற்கிறார்கள். தொண்டு நிறுவனம் அந்த இடத்தை ஓடுபவருக்குக் கொடுக்கும். அவர் இரண்டாயிரம் பவுண் அளவில் திரட்டித் தருவதாக வாக்குக் கொடுக்க வேண்டும். இப்படிச் சேர்ந்தது இதுவரை 100 கோடி பவுணுக்கு மேல். 2000 ஆம் ஆண்டில் அதில் முதன்முதலாக மரதன் ஓடிய பௌஜா சிங்குக்கு வயது 89. பஞ்சாபில் இருந்து போய்க் குடியேறிய அந்த முதியவர், குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்கான அமைப்புக்காக ஓடினார். ஆக மூத்தவர் ஆக இளையவருக்காக ஓடினார் என்று அப்போது எழுதினார்கள்.

கணக்கில் தவறினால்

இந்த வழக்கத்துக்கு ஒரு கறுத்த பக்கமும் உண்டு. அதை மறைத்துவிட்டு உங்களை ஓடச் சொல்வது நேர்மையல்ல.

கொரோனா காலத்தில் இங்கிலாந்தில் டொம் மூர் என்ற முன்னாள் படையதிகாரி, நூறாவது பிறந்தநாளுக்கு முன் தன் வீட்டுத் தோட்டத்தில் நூறு சுற்று நடப்பதாகச் சொன்னார். நடைதாங்கியைப் பிடித்துக்கொண்டே நடந்தார். ஆயிரம் பவுண் சேர்ந்தால் போதும் என்று தொடங்கியது 3 கோடி 20 இலட்சம் பவுணைத் தாண்டியது. அந்தப் பணம் வைத்தியசாலைத் தொண்டுகளுக்கு முறையாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தப் புகழின் மேல் பிறகு ஓர் அறக்கட்டளை எழும்பியது. அதை நடத்திய மகளும் மருமகனும் அதனால் தாங்கள் ஆதாயம் அடைந்தார்கள் என்று 2024 நவம்பரில் அந்நாட்டுத் தொண்டு ஆணைக்குழு அறிக்கை வெளியிட்டது. கிழவர் நடந்தது உண்மை, வியர்த்தது உண்மை, கொடுத்த பதினைந்து இலட்சம் பேரின் மனமும் உண்மை. கணக்கு ஒன்று கலங்கியதால் எல்லாவற்றின் மேலும் அழுக்குப் பட்டது.

எங்கள் பகுதியில் இது நடக்காது என்று சொல்ல முடியுமா? சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனை பெயர்ப் பலகைகள் எழுந்தன, எத்தனை காணாமல் போயின என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆகவே சொல்கிறேன்: ஒரு தர்ம ஓட்டத்துக்கு முதலில் தேட வேண்டியது ஓடுபவரையல்ல, கணக்காளரை. சேர்ந்த பணம் அமானிதம். ஓட்டத்தை நடத்தும் செலவு ஒரு பக்கம், நன்கொடை மறுபக்கம். இரண்டும் ஒரே பணப்பெட்டிக்குள் போகக் கூடாது. மேடை, ஒலிபெருக்கி, தண்ணீர், ரீ சேர்ட் எல்லாம் நுழைவுக் கட்டணத்திலும் கடைக்காரர் அனுசரணையிலும் முடிய வேண்டும். நோயாளிக்கென்று வந்த ரூபா நோயாளிக்கே போக வேண்டும். ஓட்டம் முடிந்து ஒரு மாதத்துக்குள் வரவும் செலவும் எழுதிய தாள் பள்ளிவாசல் பலகையிலும் கோவில் வாசலிலும் ஒட்டப்பட வேண்டும். ஒட்டாத ஓட்டத்துக்கு அடுத்த ஆண்டு யாரும் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம்.

பெரியநீலாவணையில் இருந்து

பாதை ஏற்கனவே இருக்கிறது. பெரியநீலாவணையில் தொடங்கி, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டப்பள்ளம் கடந்து, களியோடைப் பாலம் தாண்டி ஒலுவில் துறைமுக வாசலில் முடித்தால், அரை மரதனுக்குக் கிட்டிய தூரம். ஏறத்தாழ 21 கிலோமீற்றர். இந்த ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று மாறி மாறி வரும். இலங்கையில் இப்படிப் பின்னிக் கிடக்கும் வீதி வேறெங்கும் அதிகம் இல்லை. 1990 இன் வன்முறை விட்டுப்போன காயமும், கல்முனைப் பிரதேச செயலகத்தின் பெயரில் இன்று வரை நடக்கும் இழுபறியும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எங்கள் ஊர்கள் மேல் விழுந்த சந்தேகப் பார்வையும் இதே வீதியில்தான் கிடக்கின்றன. ஓர் ஓட்டம் இதையெல்லாம் தீர்க்காது. ஆனால் பாண்டிருப்பில் ஓர் அக்கா நீட்டும் தண்ணீரை மருதமுனைத் தம்பி குடித்துவிட்டு ஓடுவான். சாய்ந்தமருதில் ஒரு மச்சான் நீட்டும் தோடம்பழத்தைக் காரைதீவுப் பையன் வாங்கிக்கொண்டு ஓடுவான். அது நடக்கட்டும்.

எதற்காக ஓடுவது என்பதில்தான் கெட்டித்தனம் வேண்டும். கல்முனையில் இரண்டு பெரிய வைத்தியசாலைகள் இருக்கின்றன: கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை. ஒன்றுக்கு இயந்திரம் வாங்கினால் மற்றதற்கு ஏன் இல்லை என்ற கேள்வி அன்றைக்கே பிறக்கும். ஓட்டம் தொடங்குமுன் இழுபறி தொடங்கிவிடும். ஆகவே கட்டடமும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம் என்பது என் கருத்து. முதல் ஆண்டுகளில் நோயாளியின் பயணச் செலவை எடுங்கள்.

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. ஆனாலும் எங்கள் ஊர்களில் இருந்து மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியும்போது கொழும்பு. நோயாளியோடு ஒருவர் போக வேண்டும். அவர் அன்றைய கூலியை விட வேண்டும். தங்க இடம், சாப்பாடு, முச்சக்கரவண்டிக் காசு. மருந்தும் கதிர்ச் சிகிச்சையும் அரசாங்கத்தில் இலவசம். ஆனால் இலவசத்தின் வாசல் வரை போகக் காசு வேண்டும். தவணை தவறுகிறது. தவணை தவறினால் நோய் முந்திக்கொள்கிறது. மீன்பாட்டை நம்பியிருக்கும் ஒரு குடும்பத்தில், துறைமுகத்து மணலால் படகு நின்ற மாதத்தில், வாப்பாவின் மூன்றாவது தவணைக்கு யார் காசு கொடுப்பது? இந்தப் பணத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை, திறப்பு விழா இல்லை. அதனால்தான் அரசும் அரசியல்வாதியும் இதைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. அதனால்தான் இதை நாங்கள் எடுக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 பேர் ஓடுகிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொருவரும் இருபது பேரிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவரும் 200 ரூபா தருகிறார்கள். 20 இலட்சம் ரூபா. இருவர் மகரகம போய்வர, இரண்டு இரவு தங்கிச் சாப்பிட 20,000 ரூபா என்று வைத்தால், நூறு பயணம். ஒரு காலை ஓட்டத்தில் நூறு தவணை தவறாமல் நடக்கும். இந்த 200 ரூபாவைக் கொடுக்க முடியாத கடை கல்முனைச் சந்தையில் உண்டா? கட்டாரிலும் ரியாதிலும் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளுக்கு இது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. 2016 இல் மகரகமவுக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க, புற்றுநோயில் மகனைப் பறிகொடுத்த ஒரு முஸ்லிம் தந்தை கையேந்தத் தொடங்கியபோது, சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கொடுத்துத் தொகை 20 கோடி ரூபாவை எட்டியது. கொடுக்கும் மனம் இந்த நாட்டில் வற்றவில்லை.

பெண்கள் விஷயத்தைத் தள்ளிப்போடக் கூடாது. தள்ளிப்போட்டவர்கள் பட்ட பாடு தெரியும். காஸாவில் பிள்ளைகளின் கோடைகால விளையாட்டுகளுக்குப் பணம் திரட்ட ஐ.நா. நிவாரண நிறுவனம் 2011 இல் தொடங்கிய மரதன், பெண்கள் ஓடக் கூடாது என்று அங்குள்ள ஆட்சி சொன்னதால் 2013 இல் இரத்தானது. 2025 ஒக்டோபரில் கிழக்கு லண்டன் பள்ளிவாசல் நடத்திய தர்ம ஓட்டத்தில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இடமில்லை என்றதும் இங்கிலாந்து முழுவதும் சர்ச்சை எழுந்தது. திரட்டிய தர்மத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் ஏற்கனவே நடக்கிறார்கள். நீரிழிவுக்கு நட என்று வைத்தியர் சொன்னதும் சுபஹுக்குப் பின் மருதமுனைக் கரையிலும் சாய்ந்தமருதுக் கடற்கரை வீதியிலும் கூட்டமாக நடக்கும் உம்மாமார், ராத்தாமாரைக் காணலாம். அவர்கள் நடையையே ஓர் அணியாக்கலாம்: தனி நேரம், தனித் தூரம், தங்கள் உடையில், தங்கள் பொறுப்பில். நன்கொடை கேட்பதில் அவர்கள் ஆண்களை முந்துவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொமிட்டியில் முதல் நாளிலேயே அவர்களுக்கு இடம் வையுங்கள். பிறகு கூப்பிடுவது கூப்பிடுவதாகாது.

காலத்தையும் சரியாகப் பார்க்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் மாரி. களியோடை நிறையும், வீதி மூழ்கும். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும். எட்டு மணி வெயிலே ஆளைச் சுருட்டும். இரண்டுக்கும் நடுவில், நோன்பு விழாத ஒரு வாரத்தைத் தேர்ந்து, சுபஹ் தொழுத கையோடு தொடங்கி ஒன்பது மணிக்குள் முடிக்க வேண்டும். பழக்கமில்லாதவர் ஐந்து கிலோமீற்றர் நடந்தால் போதும். நெஞ்சு வருத்தமும் சீனி வருத்தமும் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டு வர வேண்டும். அம்புலன்ஸ் இல்லாமல் ஓட்டம் தொடங்கக் கூடாது.

இதற்குப் புதிதாக ஒரு நிறுவனம் வேண்டியதில்லை. மென்பந்துக் கிரிக்கெட்டுக்கு இரவு பகலாகச் சுற்றுப்போட்டி நடத்தும் கழகங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. சித்திரைக்கு மரதனும் சைக்கிளோட்டமும் நடத்தத் தெரிந்தவர்கள் தமிழ் ஊர்களில் இருக்கிறார்கள். பள்ளிவாசல் சம்மேளனங்கள் இருக்கின்றன, கோவில் பரிபாலன சபைகள் இருக்கின்றன, பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கும் மாணவர்கள் ஓட்டம் முடியும் இடத்தில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். சேர்ந்த பணத்தைக் கணக்குப் பார்க்க அவர்களை விட நல்லவர் யார்?

இந்தப் பக்கத்தை வாசிக்கும் கழகச் செயலாளர் ஒருவர், சம்மேளனத் தலைவர் ஒருவர், கோவில் வண்ணக்கர் ஒருவர் இருப்பார். உங்களிடம் கேட்பது ஒன்று. இந்த மாதம் மூன்று ஊரில் இருந்து மூன்று பேர் ஒரு மேசையில் உட்காருங்கள். திகதியைப் பிறகு பார்க்கலாம், ரீ சேர்ட் நிறத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் மூவரின் கையெழுத்தோடு ஒரு வங்கிக் கணக்கைத் திறவுங்கள். கணக்குப் பார்ப்பவரின் பெயரை ஊருக்கு அறிவியுங்கள். இரண்டு வைத்தியசாலை வைத்தியர்களையும் கேட்டு, தவணைக்குப் போக வழியில்லாமல் இருக்கும் நோயாளிகளின் பட்டியலை எடுங்கள். பட்டியல் கையில் வந்த பிறகு இளைஞர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் ஓடுவார்கள்.